உச்சிக்கு ஏறிச் சாகும் பூச்சி

(பண்ணை வானொலி உரை)



மழை விட்டு நாலைந்து நாளாக வானம் மப்பும் மந்தாரமுமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலக்கடலைக் கொல்லையைச் சுற்றிப் பார்க்கப் போகிறீர்கள். ஒரு செடியின் நுனி இலையில் புரொடீனியா புழு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. குச்சியால் தட்டினால் அசையவில்லை. விறைத்துப்போய், சுண்ணாம்பில் புரட்டி எடுத்த மாதிரி வெளுத்திருக்கிறது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அந்த வெள்ளையே வெளிர்ப் பச்சைப் பொடியாக மாறியிருக்கிறது. "செத்தது சனியன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரப்புக்குப் போய்விடுகிறோம்.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். வளர்ந்த புரொடீனியா புழு பகலில் தலைகாட்டுகிற ஜாதியா? இல்லை. வெயில் ஏறினால் மண் வெடிப்பிலும் சருகுக்கு அடியிலும் போய்ப் பதுங்கும். ராத்திரியில்தான் வெளியே வந்து இலையைத் தின்னும். பறவைக்குப் பயந்து ஒளிந்தே வாழ்கிற அந்தப் புழு, சாகிற சமயத்தில் மட்டும் எதற்காகச் செடியின் உச்சிக்கு ஏறி, ஊரே பார்க்கிற இடத்தில் உட்கார்ந்து சாக வேண்டும்?

அதைக் கொன்றது ஒரு பூஞ்சாணம். பூசணம் என்று நாம் சொல்கிறோமே, அந்த வர்க்கம்தான். உச்சிக்கு ஏற்றியதும் அதே பூஞ்சாணம்தான். களத்தில் நெல் தூற்றுகிறவர் பள்ளத்தில் உட்கார்ந்து தூற்றுவாரா? காற்று வாட்டம் பார்த்து, உயரத்தில் நின்று முறத்தைத் தூக்கித்தானே தூற்றுவார்? பூஞ்சாணமும் தன் வித்துகளைத் தூற்றுவதற்கு உயரமான இடம் தேடுகிறது. அதற்குக் காலில்லை. பூச்சிக்குக் கால் இருக்கிறது. ஆகவே பூச்சியின் காலைக் கொண்டு ஏறுகிறது.

இதை மனிதன் கண்டுகொள்ள இருநூறு வருஷம் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். நம் கைக்காசைக் காப்பாற்றுகிற விஷயமும் அதில் இருக்கிறது.

பட்டுப்புழுவில் தொடங்கிய கதை

இத்தாலி நாட்டின் வடபகுதியில் லோடி என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பக்கத்தில் 1773-ல் பிறந்தவர் அகோஸ்டினோ பாஸி. சட்டம் படித்தவர். கண்பார்வை மோசமானதால் சர்க்கார் உத்தியோகத்தை விட்டுவிட்டுப் பண்ணைக்கு வந்து சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் வட இத்தாலியில் பட்டுப்புழு வளர்ப்பு ஒரு பெரிய ஜீவனம். அந்தப் புழுவுக்கு ஒரு நோய் வந்தது. நேற்று வரை இலை தின்ற புழு இன்று விறைத்துப்போகும். மேலே வெள்ளைப் பொடி பூத்துவிடும். சுண்ணாம்பு பூசின மாதிரி இருப்பதால் அதற்குச் சுண்ணாம்பு நோய் என்ற பொருளிலேயே பேர் வைத்தார்கள். தட்டுத் தட்டாகப் புழு சாகும். வருஷத்து வருமானம் ஒரே வாரத்தில் போய்விடும்.

காற்று கெட்டுப்போச்சு என்றார்கள் சிலர். தழை சரியில்லை என்றார்கள் சிலர். உஷ்ணம் என்றார்கள், ஈரம் என்றார்கள். நோய் தானாகவே உடம்புக்குள் உண்டாகிறது என்பதுதான் படித்தவர்களின் எண்ணமும்.

பாஸி 1807 வாக்கில் இந்த ஆராய்ச்சியில் இறங்கினார். முதலில் அவரும் ஊரார் சொன்ன வழியிலேயே போனார். புழுவை வாட்டிப் பார்த்தார், பட்டினி போட்டுப் பார்த்தார், கண்ட தழையைக் கொடுத்துப் பார்த்தார். புழு செத்தது. ஆனால் வெள்ளை பூக்கவில்லை. பல வருஷம் இப்படியே போயிற்று. அப்புறம்தான் வேறு வழியில் சிந்தித்தார். செத்த புழுவின் மேலிருந்த வெள்ளைப் பொடியை ஊசி முனையில் எடுத்து, நல்ல புழுவின் தோலில் குத்திப் பார்த்தார். அந்தப் புழுவும் அதே மாதிரி விறைத்துச் செத்தது. அதே வெள்ளை பூத்தது. வெள்ளைப் பொடி நோயின் அடையாளம் மட்டுமில்லை, அதுதான் நோயின் விதை என்று தெரிந்துகொண்டார்.

1835-ல் இதைப் புத்தகமாக அச்சிட்டார். கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று பிற்காலத்தில் உலகத்துக்கு நிரூபித்த லூயி பாஸ்டருக்கு அப்போது வயது 12. செத்த புழுவை எரித்துவிடுங்கள், தட்டுகளைக் காரநீரில் கழுவுங்கள், கையைச் சுத்தம் செய்துகொண்டு தழை போடுங்கள் என்று பாஸி விவசாயிகளுக்குச் சொன்னார்.

இன்றைக்குக் கடையில் நீங்கள் வாங்குகிற உயிரியல் பூச்சிக்கொல்லிப் பொட்டலத்தில் "பியூவேரியா பேசியானா" என்று போட்டிருக்கும். அந்த "பேசியானா" என்பது இந்தப் பாஸியின் பெயர்தான். பட்டு விவசாயியின் குடியைக் கெடுத்த அதே பூஞ்சாணம், இன்று பருத்தியிலும் காய்கறியிலும் பூச்சியைக் கொல்ல உதவுகிறது. ஒரு வீட்டுக்குக் கள்ளன், இன்னொரு வீட்டுக்குக் காவல்காரன்!

பாஸி கண்டது, பூஞ்சாணம் பூச்சியைக் கொல்லும் என்பதை. கொல்வதற்கு முன்னால் பூச்சியைத் தன் இஷ்டத்துக்கு நடத்தும் என்பது அடுத்த கதை. அதற்கு ஈயிடம் போக வேண்டும்.

சுவரில் ஒட்டிய ஈ

குளிர் தேசங்களில் கோடை முடிந்து பனி தொடங்குகிற பருவத்தில், ஜன்னல் கண்ணாடியிலும் சுவரிலும் ஈக்கள் ஒட்டினபடியே செத்திருக்கும். இறக்கை இரண்டும் விரிந்து மேலே தூக்கி நிற்கும். வயிறு உப்பி, வெள்ளை வெள்ளையாகப் பட்டை போட்டிருக்கும். ஈயைச் சுற்றிக் கண்ணாடியில் வெள்ளைப் பொடி வட்டமாகப் படிந்திருக்கும், வாசலில் கோலமாவு சிந்தின மாதிரி.

இதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து விளக்கமாக எழுதியவர் ஃபெர்டினாண்ட் கோன். பிரெஸ்லாவு நகரத்துத் தாவர விஞ்ஞானி. அந்த நகரம் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. 1855-ல் அவர் எழுதிய கட்டுரையில், ஈயைக் கொல்வது ஒரு பூஞ்சாணம் என்று காட்டி, அதற்கு "எம்பூசா" என்று பெயர் வைத்தார். எம்பூசா என்றால் கிரேக்கக் கதைகளில் வரும் ஒரு பேய். ஆனால் அந்தப் பெயரை அதற்கு முன்பே ஒரு செடிக்கு வைத்துவிட்டார்கள். அதனால் 1856-ல் ஃப்ரெசீனியஸ் என்பவர் அதை மாற்றி "என்டமோஃப்தோரா" என்றார். பூச்சியை அழிப்பது என்று பொருள். பேய் போய் எமன் வந்தான்!

இந்த எமன் வேலை செய்கிற விதத்தைக் கேளுங்கள். ஒரு வித்து ஈயின் மேலே வந்து ஒட்டும். தோலைத் துளைத்து உள்ளே போகும். ரத்தத்தில் பெருகும். முதலில் கொழுப்பைத் தின்னும். உயிர்நிலைகளை உடனே தொடாது. நாலைந்து நாள் ஈ வழக்கம்போலப் பறந்துகொண்டுதான் இருக்கும். கடைசி நாள் சாயங்காலம் வரும். ஈக்குப் பறக்க முடியாது. நடந்தே மேலே மேலே ஏறும். ஓர் இடத்தில் நிற்கும். வாய்க்குழலை நீட்டித் தரையைத் தொடும். பிசின் மாதிரி ஒன்று வழிந்து வாயை அங்கேயே ஒட்டிவிடும். அப்புறம் இறக்கை மெல்ல மெல்ல மேலே தூக்கும். உயிர் போகும்.

இந்த வரிசை மாறுவதில்லை. ஆட்டம் நிற்பது, வாய் ஒட்டுவது, இறக்கை தூக்குவது என்று ஒன்றன் பின் ஒன்றாக, பொழுது சாய்வதற்கு முந்தின சில மணி நேரத்துக்குள் நடக்கிறது என்று 1995-ல் அமெரிக்காவில் அளந்து எழுதினார்கள்.

ஏன் சாயங்காலம்? பூஞ்சாணத்துக்கு வெயில் ஆகாது, ஈரம் வேண்டும். பொழுது சாய்ந்தபின் பனி இறங்கும், காற்றில் குளிர்ச்சி வரும். அந்த நேரத்தில் ஈயின் வயிற்று மடிப்புகளைக் கிழித்துக்கொண்டு பூஞ்சாணம் வெளியே வந்து, ராத்திரி முழுக்க வித்துகளைத் தெறிக்கவிடும். ஏன் இறக்கையைத் தூக்க வேண்டும்? இறக்கை மூடியிருந்தால் தெறிக்கிற வித்து அதிலே பட்டு நின்றுவிடும். ஏன் உயரம்? கீழே நடமாடுகிற ஈக்கள் மேல் மழை மாதிரி விழுவதற்கு.

இதோடு முடியவில்லை. பூஞ்சாணத்தால் செத்த பெண் ஈயின் உடம்பிலிருந்து ஒரு வாசனை கிளம்புகிறது, அதை மோந்து ஆண் ஈக்கள் பிணத்தோடு சேர வருகின்றன, வந்து நோயை ஒட்டிக்கொண்டு போகின்றன என்று 2022-ல் டென்மார்க் விஞ்ஞானிகள் கண்டார்கள்.

எறும்பின் கடைசிக் கடி

ஈக்கு அடுத்தபடி எறும்பு. பிரேசில் நாட்டுக் காட்டிலிருந்து ஒரு செத்த எறும்பு பாரீஸ் நகரத்துக்கு வந்தது. அதன் உடம்பிலிருந்து கொம்பு மாதிரி ஒன்று முளைத்திருந்தது. டூலான் சகோதரர்கள் இருவர், அண்ணன் எழுத, தம்பி படம் போட, 1865-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தப் பூஞ்சாணத்துக்குப் பெயர் வைத்தார்கள். இன்று இதை ஓஃபியோகார்டிசெப்ஸ் என்கிறார்கள். வாயில் நுழையாத பெயர்தான். எறும்புப் பூஞ்சாணம் என்று வைத்துக்கொள்வோம்.

இது எப்படி நடந்துகொள்கிறது என்று 2009-ல் தாய்லாந்து நாட்டுக் காட்டில் செய்த ஆராய்ச்சி வெளிவந்தது. அங்கே நம் கட்டெறும்புக்கு உறவான ஓர் எறும்பு மர உச்சியில் கூடு கட்டி வாழ்கிறது. தரைக்கு அடிக்கடி வராது. பூஞ்சாணம் பிடித்த எறும்புக்கு வலிப்பு வருகிறது. மரத்திலிருந்து விழுகிறது. கூட்டுக்குத் திரும்பத் தெரியாமல் குடிகாரன் மாதிரி அலைகிறது. கடைசியில் தரையிலிருந்து ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது ஒரு சாண் உயரத்தில், ஓர் இலையின் அடிப்பக்கம் போய், இலை நரம்பைப் பல்லால் இறுகக் கவ்வுகிறது. கவ்வினது கவ்வினதுதான். உயிர் போனாலும் பிடி விடுவதில்லை. சில நாள் கழித்து எறும்பின் பிடரியிலிருந்து பூஞ்சாணத்தின் கொம்பு முளைத்து, கீழே போகிற எறும்புகள் மேல் வித்தைக் கொட்டுகிறது.

நம் ஆட்களுக்குச் சந்தேகம் வரும். உச்சிக்கு ஏறினால் நல்லது என்றீர்களே, இது உச்சியிலிருந்து இறங்குகிறதே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அந்த ஒரு சாண் உயரத்தில்தான் சூடும் ஈரமும் பூஞ்சாணத்துக்கு ஏற்றபடி இருக்கிறது. செத்த எறும்புகளை எடுத்து மர உச்சியில் சிலவற்றை வைத்தார்கள், தரையில் சிலவற்றைப் போட்டார்கள். இரண்டு இடத்திலும் பூஞ்சாணம் சரியாக வளரவில்லை. நாம் நாற்றுவிட இடம் பார்க்கிறோமே, தண்ணீர் தேங்கவும் கூடாது, காயவும் கூடாது என்று? அப்படி இடம் பார்க்கத் தெரிந்திருக்கிறது இந்தப் பூசணத்துக்கு.

இது நேற்று முந்தாநாள் பழகின வித்தையும் இல்லை. ஜெர்மனியில் மெஸ்ஸல் என்ற இடத்தில் கல்லாகிப்போன ஓர் இலை கிடைத்தது. அதன் வயது சுமார் 4 கோடியே 80 லட்சம் வருஷம். அந்த இலையின் நரம்பை ஒட்டி இந்த எறும்புக் கடி மாதிரியே தழும்புகள் இருப்பதை 2010-ல் எடுத்துக் காட்டினார்கள். மனுஷன் பிறப்பதற்குக் கோடிக்கணக்கான வருஷம் முன்பே இந்த ஆட்டம் நடந்திருக்கிறது.

ஆட்டுவிக்கிறது யார்?

இங்கே ஒரு வழக்கு எழுந்தது. பூச்சி ஏறுவது பூஞ்சாணத்தின் வேலைதானா? பூச்சியே தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஏறலாமே என்று கேட்டார்கள்.

அதிலும் நியாயம் இருக்கிறது. நமக்கு நோய் வந்தால் உடம்பு காய்கிறது. பூச்சிக்குத் தானாகக் காய்ச்சல் வராது. ஆகவே அது வெயிலைத் தேடிப்போய் உடம்பைச் சூடேற்றிக்கொள்கிறது. பூஞ்சாணம் பிடித்த வெட்டுக்கிளி வெயிலில் காய்ந்து உடம்புச் சூட்டை 40 டிகிரி பக்கம் கொண்டுபோகும். அந்தச் சூட்டில் பூஞ்சாணம் முடங்கிவிடும். நோய் பிடித்த ஈயும் தொடக்கத்திலேயே சூடான இடத்தில் போய் உட்கார்ந்தால் பிழைப்பதுண்டு. இது பூச்சியின் வைத்தியம்.

ஆனால் கடைசி நாள் ஏற்றம் வேறு. அது பொழுது சாய்கிற நேரத்தில் நடக்கிறது. வெயில் காய்வதற்கு யாராவது அந்தி சாய்ந்தபின் மாடிக்குப் போவார்களா?

வழக்கின் தீர்ப்பு இந்த நூற்றாண்டில் கிடைத்தது. 2017-ல் அமெரிக்காவில் எறும்பின் உடம்பைச் சன்னமாகச் சீவிச் சீவிப் பார்த்தார்கள். பூஞ்சாணம் கால், தாடைச் சதைகளைச் சுற்றி வலை மாதிரிப் பின்னியிருந்தது. மூளைக்குள் மட்டும் நுழையவில்லை. முதலாளியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, ஆட்களை எல்லாம் தன் பக்கம் வளைத்துப்போட்ட கதை.

ஈயின் கதை வேறு. கலிபோர்னியாவில் பழ ஈக்களைத் தாக்கும் அதே என்டமோஃப்தோராவைப் பிடித்து, கூடத்தில் வளர்த்து, கேரொலின் எல்யா என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் 2018-ல் எழுதினார்கள். 2023-ல் இன்னும் தெளிவு கிடைத்தது. சாவதற்குச் சுமார் இரண்டரை மணி நேரம் முன்பு ஈ திடீரென்று பரபரப்பாக நடக்கத் தொடங்குகிறது. பொழுதறிந்து தூங்குவதற்கும் எழுவதற்கும் ஈயின் மூளையில் ஒரு கடிகாரம் மாதிரி நரம்புகள் உண்டு. அந்த நரம்புகளும், அவற்றோடு சேர்ந்த ஒரு சுரப்பியும்தான் இந்தப் பரபரப்புக்குக் காரணம். ஏறுகிற ஈயின் ரத்தத்தை எடுத்து நோயில்லாத ஈக்குள் செலுத்தினார்கள். அதுவும் அதிகமாக நடமாட ஆரம்பித்தது! ரத்தத்தில் ஏதோ சரக்கு கலந்திருக்கிறது என்பது உறுதியாயிற்று.

ஆக, ஒரே காரியத்தை இரண்டு பூஞ்சாணம் இரண்டு விதமாகச் சாதிக்கிறது. பொம்மலாட்டத்தில் சிலர் நூலில் ஆட்டுவார்கள், சிலர் கையை உள்ளே விட்டு ஆட்டுவார்கள். ஆடுவது என்னமோ பொம்மைதான்.

கண்ணாடிக் குழாயில் வந்த பூசணம்

இதெல்லாம் தெரிந்தால் விவசாயி சும்மா இருப்பாரா? இந்த எமனைப் பிடித்து நம் வயலில் விட்டால் என்ன என்ற யோசனை பிறந்து 140 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

1879-ல் ஒடெஸ்ஸா நகரத்தில் மெச்னிகாஃப் என்ற விஞ்ஞானி, கோதுமைக் கதிரைத் தின்னும் வண்டின் புழுவில் ஒரு பச்சைப் பூஞ்சாணத்தைக் கண்டார். பின்னால், 1908-ல் நோபல் பரிசு வாங்கியவர் இவர். அந்தப் பூஞ்சாணம்தான் இன்று மெட்டாரைசியம் என்று விற்கிறது. தென்னை வைத்திருக்கிறவர்கள் காண்டாமிருக வண்டுக்காக எருக்குழியில் இடுவது இதைத்தான். 1884-ல் கீவ் நகருக்குத் தெற்கே ஸ்மேலா என்ற ஊரில் இதன் வித்தை 55 கிலோ உற்பத்தி செய்து, சர்க்கரைக் கிழங்கு வண்டுக்கு எதிராகப் போட்டார்கள். உலகத்தில் பூஞ்சாணத்தை இப்படிக் கிலோக் கணக்கில் தயாரித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த கதையில்தான் பாடம் இருக்கிறது. 1890-களின் பிற்பாதியில் தென்னாப்பிரிக்காவில் வெட்டுக்கிளிப் படை வந்தது. அங்கே வெட்டுக்கிளிகள் புல் நுனிக்கு ஏறி, தண்டைக் காலால் கட்டிக்கொண்டு, தலை மேலே பார்த்தபடி கும்பலாகச் செத்திருப்பதை விவசாயிகள் பார்த்தார்கள். ஈயின் எமனுக்குப் பங்காளியான ஒரு பூஞ்சாணத்தின் வேலை அது. கிரஹாம்ஸ்டவுன் என்று அப்போது பெயர் கொண்ட ஊரின் அரசு ஆய்வுக்கூடத்தில், "வெட்டுக்கிளிப் பூஞ்சாணம்" என்று கண்ணாடிக் குழாயில் அடைத்து விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். வெளிதேசங்களுக்கும் அனுப்பினார்கள். 1901-ல் லண்டன் பக்கத்தில் உள்ள கியூ தாவரத் தோட்டத்து நிபுணர் ஜார்ஜ் மாஸி அதைச் சோதித்துப் பெயரிட்டார். அது மியூகோர் இனம்! பழைய ரொட்டியிலும் சாணத்திலும் வருகிற பூசண வர்க்கம். புல் நுனிக்கு ஏற்றின எமன் குழாய்க்குள் இல்லை.

ஏன் இப்படி ஆயிற்று? பூச்சியை ஆட்டிவைக்கிற பூஞ்சாணங்கள் நாக்கு நீளமானவை. உயிருள்ள பூச்சியின் ரத்தத்தில் வாழப் பழகியவை. கூடத்தில் வைக்கிற சாப்பாட்டில் லேசில் வளராது. செத்த பூச்சியை எடுத்துச் சாப்பாட்டில் வைத்தால், பக்கத்தில் ஒட்டியிருந்த சாதாரணப் பூசணம்தான் முதலில் பந்திக்கு வரும். பாஸியின் பூஞ்சாணமும் மெச்னிகாஃபின் பூஞ்சாணமும் அப்படியில்லை. அரிசிச் சோற்றில்கூட நன்றாக வளரும். அதனால்தான் கடையில் அவை கிடைக்கின்றன, ஈயின் எமன் கிடைப்பதில்லை.

கடைசியில் வெட்டுக்கிளிக்கு வழி பிறந்தது 1989-ல் தொடங்கி 2002 வரை ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு கூட்டு முயற்சியில். நைஜர் நாட்டில் ஒரு வெட்டுக்கிளியில் கிடைத்த மெட்டாரைசியத்தை வளர்த்து, வித்தைத் தண்ணீரில் கலக்காமல் எண்ணெயில் கலந்து தெளித்தார்கள். எண்ணெயில் இருந்ததால் வறண்ட காற்றிலும் வித்து வேலை செய்தது. 2009-ல் தான்சானியாவில் செந்நிற வெட்டுக்கிளிக் கூட்டங்கள் மேல் விமானத்திலிருந்து இதைத் தெளித்து அடக்கினார்கள்.

உங்கள் வயலுக்கு என்ன சேதி?

முதலாவது, செடியின் நுனியைப் பாருங்கள். பூச்சி எத்தனை என்று எண்ணுகிறபோது உயிருள்ளது எத்தனை, உச்சியில் விறைத்தது எத்தனை என்று தனித்தனியாக எண்ணுங்கள். மழைக்காலத்தில் விறைத்த புழு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்தால், உங்கள் வயலில் கூலியில்லாத ஆள் வேலை செய்கிறான் என்று அர்த்தம். அவசரப்பட்டு மருந்தடிக்காமல், உங்கள் வேளாண் அலுவலரைக் கூப்பிட்டுக் காட்டி முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். செத்த புழு விறைத்து, மேலே வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் பூஞ்சாணம். தலைகீழாகத் தொங்கி, உடம்பு குழைந்து, தொட்டால் நீராக வழிந்தால் அது என்.பி.வி. என்கிற வைரஸ் நோய். அதுவும் புழுவை உச்சிக்கு ஏற்றித்தான் கொல்லும். இரண்டும் நமக்கு நண்பர்கள்தான். பிடுங்கி எரிக்க வேண்டாம். அந்தப் பிணம்தான் அடுத்த விதைப்புக்கு விதைக்கூடை.

மூன்றாவது, பூஞ்சாணக் கொல்லி மருந்துக்கு நண்பன் எது, பகைவன் எது என்று தெரியாது. டிக்கா இலைப்புள்ளி நோய் கடுமையாக இருந்தால் அடிக்கத்தான் வேண்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று அடித்தால், புழுவைக் கொல்லும் பூஞ்சாணத்தையும் சேர்த்துக் கொன்றுவிடுவோம். அப்புறம் புழுவுக்கென்று தனியாக மருந்து வாங்க வேண்டும். இரட்டைச் செலவு.

நான்காவது, பியூவேரியா, மெட்டாரைசியம் வாங்கினால் காலாவதித் தேதியைப் பாருங்கள். அவை உயிருள்ள சரக்கு. வெயிலில் வைத்தால் செத்துப்போகும். பொழுது சாய்ந்தபின், ஈரம் இருக்கிற நாளாகப் பார்த்துத் தெளியுங்கள். ஈயின் எமன் ஏன் சாயங்காலத்தைத் தேர்ந்தெடுத்தான் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பூஞ்சாணக் கொல்லியோடு கலக்கக் கூடாது. பொடியைக் கையாளுகிறபோது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் கவனிக்க வேண்டும். மல்பெரித் தோட்டத்திலும் அதன் பக்கத்திலும் பியூவேரியா தெளிக்காதீர்கள். பாஸியின் ஊரில் பட்டு விவசாயியை அழவைத்தது அதுதான்.

"இந்தப் பூஞ்சாணம் ஆடு மாட்டையும், நம்மையும் இப்படி ஆட்டிவைக்குமா?" என்று சிலர் கேட்கிறார்கள். ஆட்டாது. எறும்புப் பூஞ்சாணம் ஓர் எறும்பு இனத்தை விட்டு அடுத்த இனத்துக்குப் போவதற்கே திணறுகிறது. பிரேசில் காட்டில் நாலு இன எறும்புக்கு நாலு தனித்தனிப் பூஞ்சாணம் இருப்பதை 2011-ல் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். அது கற்றுக்கொண்ட பாடம் அந்தந்தப் பூச்சிக்கு மட்டும்தான்.

பாஸி ஊசி முனையில் பொடி எடுத்ததும், கோன் ஜன்னல் ஈயை உற்றுப் பார்த்ததும் பெரிய கருவிகளை வைத்துக்கொண்டு செய்த காரியம் இல்லை. எல்லாரும் பார்த்துவிட்டுப் போனதை அவர்கள் நின்று பார்த்தார்கள். தென்னாப்பிரிக்காவிலும் வெட்டுக்கிளி எங்கே செத்தது என்று விவசாயியின் கண் சரியாகப் பார்த்தது, குழாயில் அடைத்த சரக்குதான் தவறியது. ஆகவே மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நடை வயலுக்குப் போய், செடியின் நுனியைப் பார்த்துவிட்டுப் போங்கள்.